ஓம் என்று சொன்னால் நம்பாதவர்

கொழும்பு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில்தான் மிஸ் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு முதலில் விளங்கியது. மேசைக்கு வந்து நின்றவரிடம், “வடை சூடாய் இருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம் மிஸ்.”

மிஸ் கொஞ்சம் யோசித்தார். “காலமை போட்டதோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப, நேற்றையான்?”

“ஓம்...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். மிஸ் வடையை விட்டுவிட்டு இரண்டு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். அவருக்குக் கோபமும் இல்லை, நக்கலும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவர் மாதிரி இருந்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, பசியும் இருந்தது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. மறியலில், அதாவது சிறையில், இருந்தவர்களுக்கும், அவர்களைப் பார்க்க வந்த தாய்மாருக்கும், வீட்டுக்காரிக்கும், கடைசியில் எனக்கும் அவர் மிஸ்தான். யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயதுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போது யன்னல் கம்பியெல்லாம் அதிரும் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். சிறைகளில் இருப்பவர்களில் மனநோய் உள்ளவர்கள் யார், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் எப்படி மறியலுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கியதே பெரிய காரியம். யாரைப் பிடித்து வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அவருக்குச் சிங்களம் போதாது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறி, கொட்டாஞ்சேனை வீட்டில் பேப்பர் வாசித்து மனைவிக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவன். யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள். அவர் என்னை ‘அண்ணை’ என்று கூப்பிட்டார். ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டிய வயதில் இருந்தேன். அதனால் அந்த ஒரு சொல்லுக்காகவே முதல் மாதம் அவரோடு அலைந்தேன் என்று சொல்லலாம்.

இரண்டாம் மாதத்தில் எங்கள் இருவருக்குள் சண்டை தொடங்கியது. அவர் ஏதாவது விளக்குவார். “விளங்கினதோ அண்ணை?” என்பார். “ஓம்” என்பேன். “என்ன விளங்கினது?” என்பார். முப்பது வருடம் நீதவான்களுக்கு மொழிபெயர்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லத் தொடங்குவேன். பாதிக்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் கோபம் இன்னும் கூடும்.

“ஓம் எண்டால் கேள்வி முடிஞ்சுது எண்டுதான் அர்த்தம் அண்ணை,” என்று ஒருநாள் சொன்னார். “பதில் வந்தது எண்டு அர்த்தமில்லை.”

மறியலில் அவர் வேலை செய்த முறையும் இதுதான். ‘ஓம்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கூடியவரை கேட்கமாட்டார். “நித்திரை வருதோ?” என்று கேட்காமல், “நேற்று இரவு என்ன செய்தனீங்கள்?” என்பார். தவிர்க்க முடியாமல் ஒரு ஓம் வந்துவிட்டால், கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, அதையே தலைகீழாக்கிக் கேட்பார். அதற்கும் ஓம் வந்தால் இரண்டையும் விட்டுவிடுவார். இப்படியே போனால் ஒரு ஆளோடு கதைக்க அரை நாள் ஆகும். காவலாளிகள் கொட்டாவி விடுவார்கள். மொழிபெயர்ப்பவனின் தொண்டையைப் பற்றி யாருக்குக் கவலை?

அவருக்கு ஒரு கல்யாணம் பேசி வந்தது. வீட்டுக்காரிதான் ஒழுங்கு செய்தார். மாப்பிள்ளை கனடாவில் கணக்காளர், லீவில் வந்திருந்தார். சாட்சிக்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டுமென்று என்னையும் அழைத்துக் கதிரையில் இருத்தினார்கள். பலகாரம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, எழும்பாமல் அப்படியே இருந்தார்கள்.

“நான் மறியலுக்குப் போய் வேலை செய்யிறனான். அது உங்களுக்குப் பிரச்சினையில்லையோ?” என்று மிஸ் கேட்டார்.

“ஓம் ஓம், ஒரு பிரச்சினையுமில்லை.”

“கலியாணத்துக்குப் பிறகு நான் இஞ்சதான் இருக்கவேணும். அது சரியோ?”

“ஓம், அதுக்கென்ன.”

“நான் உங்களோட கனடாவுக்கு வந்திடவேணும் எண்டு நினைக்கிறியளோ?”

“ஓம், கட்டாயம்.”

மாப்பிள்ளை நல்ல பிள்ளை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். பயத்தில் தலையாட்டியிருப்பார், நாங்கள் எல்லாரும் தலையாட்டித்தானே கட்டினோம்? ஆனால் மிஸ் அன்று பின்னேரமே வேண்டாமென்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரி இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “அந்த மாப்பிள்ளை என்னோட கதைக்கேல்ல அண்ணை,” என்றார் மிஸ் பஸ்ஸில் வரும்போது. “கெதியாய்க் கதை முடியவேணும் எண்டு இருந்தார்.”

பார்க்கப்போனால் அந்த நாட்களில் கொழும்பில் இருந்த தமிழர் எல்லாரும் ஓம் சொல்லித்தான் சீவித்தோம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதே வாயில் ‘ஒவ் மாத்தயா’ தயாராக இருக்கும். ‘ஆமாம் ஐயா’ என்பதற்குச் சிங்களம். கொழும்புக்கு ஏன் வந்தாய், எப்போது போவாய், இது உன் படந்தானா, எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல் வந்துவிடும், கேள்வி பிறகுதான் காதுக்குள் இறங்கும். மிஸ் மட்டும் அங்கேயும் அப்படிச் சொல்லமாட்டார். “வெள்ளவத்தையிலா இருக்கிறது?” என்று கேட்டால், ஒழுங்கையின் பெயர், வீட்டுக்காரியின் பெயர், எந்த மாதம் வந்தது, பொலிஸில் பதிந்தது எல்லாவற்றையும் உடைந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்குவார். பின்னால் நிற்கிற நான் கேட்காமலே என் அடையாள அட்டையை நீட்டுவேன். கடைசியில் அவர்களே, “போதும் நோனா, போங்க,” என்று விட்டுவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பையனின் வழக்கு எங்களிடம் வந்தது.

பையன் என்றாலும் இருபத்தைந்து வயது இருக்கும். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். தாய் மட்டக்குளியில் ஒரு அறை எடுத்து, தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார். மகள் தோட்டத்தில் சித்தப்பா வீட்டில். மகன் கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, தண்ணீர் அள்ளினான். முதலாளிக்கு அவனைப் போல ஒரு வேலையாள் கிடைத்ததில்லை. எதைச் சொன்னாலும் ‘ஆமாங்க’ என்பான். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சாவடியில் மறித்திருக்கிறார்கள். பெயர் கேட்டிருக்கிறார்கள். “ஒவ் மாத்தயா.” எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். “ஒவ் மாத்தயா.” காவலில் நின்றவருக்கு எரிச்சல் வந்து, நீ புலியா என்று கேட்டிருக்கிறார்.

அதற்கும் அதே பதில்தான்.

அதன் பிறகு பொலிஸில் என்னென்ன கேட்டார்களோ, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி வைத்திருந்தான். யார் அனுப்பினார்கள், எங்கே ஒளித்தாய், இன்னும் யார் யார், எல்லாம் அவர்களே சொல்லிச் சொல்லிக் கேட்டு, அவன் தலையாட்டியவை. அந்த ஆமாம்களை நீதிமன்றம் நம்பினால் அவன் நரைத்துத்தான் வெளியே வருவான். தாய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தார். அந்தச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் என்னைத் தெரிந்தவர். பையனில் ஏதோ பிழை இருக்கிறது, உங்கள் ஆராய்ச்சி மிஸ் ஒருதடவை பார்க்கட்டும் என்றார்.

போனோம். பையன் சுத்தமாக இருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவனில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவனைவிட மோசமாக இருப்பவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மிஸ் வழக்கம்போலச் சாப்பாடு, நித்திரை, தோட்டம், கடை என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ‘ஆமாங்க மிஸ்’ வந்தது. என்ன சாப்பிட்டாய் என்பதற்கும் ஆமாங்க. மிஸ் கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார்.

“நான் நேற்று உம்மட கடைக்கு வந்தனானோ?”

“ஆமாங்க மிஸ்.”

“இந்த மறியலை நீர்தான் கட்டினனீரோ?”

“ஆமாங்க மிஸ்.”

“நான் ஆம்பிளையோ?”

“ஆமாங்க மிஸ்.”

கதவடியில் நின்ற காவலாளி தமிழ் தெரிந்தவன். முதல் இரண்டுக்கும் சிரித்தான். மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை. பையன் மட்டும் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து, சரியாகச் சொல்லிவிட்டேனா என்று தேடிக்கொண்டிருந்தான். முப்பது வருடம் நான் நின்ற கூண்டடியில் எத்தனை பேர் இப்படி முகத்தைத் தேடியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

தாயை என் வீட்டுக்கு வரச் சொன்னோம். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தார். தாய் கதிரையில் பாதியில்தான் உட்கார்ந்தார்.

“என் புள்ள நல்லாத்தாங்க இருக்கான் மிஸ். கேட்டா பதில் சொல்லுவானுங்க.”

“சொல்லுறார்தான்,” என்றார் மிஸ். “அவருக்கு ஆர் அப்பிடிச் சொல்லிக் குடுத்தது?”

தாய் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். சின்னப் பிள்ளையில் அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குப் பதில் இல்லையென்று அடி. தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள் ஊமையன் என்று கல்லெறிந்தார்கள். கங்காணி கேட்டு வாய் திறக்காததற்கு ஒருதடவை காதிலிருந்து இரத்தம் வர அறைந்தான்.

“அப்புறந்தாங்க நான் சொல்லிக் குடுத்தேன். யாரு என்ன கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லிடு சாமி. சிங்களத்துல கேட்டா ஒவ் மாத்தயா. ஆமான்னு சொன்னா யாரும் அடிக்க மாட்டாங்க.” அழவில்லை. “ராத்திரி ராத்திரி படிக்க வெச்சேனுங்க. அதுக்கப்புறம் யாரும் அடிக்கலைங்க மிஸ். இங்க வர்ற வரைக்கும்.”

சட்டத்தரணிக்கு வேண்டியது ஒன்று, தாய்க்கு வேண்டியது ஒன்று. மிஸ் சாட்சிக்கு ஏறி, இவனுக்கு மனநிலை சரியில்லை என்று ஒரே போடாகப் போட வேண்டும் என்றார் சட்டத்தரணி. மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். தாயோ, என்ன வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், பைத்தியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மகளுக்குத் தோட்டத்தில் சம்பந்தம் பேசியிருக்கிறது என்று கையைப் பிடித்தார். மிஸ் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

“நோயின்ர பேரை டொக்டர்தான் சொல்லவேணும், நான் டொக்டரில்லை. நான் என்ன கேட்டனான், அவர் என்ன சொன்னவர் எண்டு மட்டும் சொல்லுவன்.”

“அதை வைத்து நான் எதை வாதாடுறது?” என்று சட்டத்தரணி என்னிடம் முறையிட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. ஒரு பொய்கூட இல்லை, கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகும். இந்த மனுசிக்கு என்ன பிடிவாதம் என்று அன்றிரவு மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நான் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். மிஸ், தான் கேட்டதையும் அவன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மறியலை அவன் கட்டியதைச் சொன்னபோது பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதவான் வயதானவர், அவசரப்படாதவர். கூண்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் உன் தம்பியா?”

“ஒவ் மாத்தயா.”

“இன்றைக்கு இங்கே நீதவான் நீதானா?”

“ஒவ் மாத்தயா.”

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்கள் பல நடிகர்களைப் பார்த்த கண்கள், எனக்குத் தெரியும். “நீ எங்களுக்கு நடித்துக் காட்டுகிறாய். அப்படித்தானே?”

“ஒவ் மாத்தயா.”

பொலிஸ் தரப்பில் நின்றவர் அடுத்த கணமே எழும்பினார். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இதற்கு மேல் என்ன வேண்டும் ஐயா என்றார். சட்டத்தரணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. பின்னால் தாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். அவருக்கு அவ்வளவு சிங்களம் தெரியாது. ஆனால் மகனின் ஆமாம் அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்பது எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

மிஸ் என்னிடம் திரும்பினார். “அண்ணை, ஐயாவிட்டைக் கேளுங்கோ. இன்னும் ஒரு கேள்வி கேக்கச் சொல்லி.”

சாட்சி நீதவானைக் கேள்வி கேட்கச் சொல்வதை நான் என் வாழ்நாளில் மொழிபெயர்த்ததில்லை. எப்படியோ சொன்னேன். நீதவான் மிஸ்ஸைப் பார்த்தார். “என்ன கேள்வி?”

“மற்றப் பக்கத்தைக் கேக்கச் சொல்லுங்கோ. அவர் நடிக்கேல்ல, உள்ளதைத்தான் சொல்லுறார் எண்டு.”

நீதவான் கேட்டார். அதே குரல், அதே வேகம். “நீ நடிக்கவில்லை. எங்களிடம் உண்மையைத்தான் சொல்கிறாய். அப்படித்தானே?”

“ஒவ் மாத்தயா,” என்றான் பையன். நாள் முழுக்கச் சரியான பதிலே சொல்லிக் களைத்தவன் மாதிரி ஒரு சிரிப்பு.

ஒருவரும் சிரிக்கவில்லை. பொலிஸ் தரப்பில் நின்றவர் உட்கார்ந்துவிட்டார்.

உடனே விட்டுவிடவில்லை. நீதவான் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டொக்டர்மாரின் அறிக்கை கேட்டார். அது வர மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் வழக்கைக் கைவிட்டார்கள். தாய் அவனை மட்டக்குளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சட்டத்தரணி எங்கள் கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிக் கேள்வி அவருடைய யோசனையாக மாறிக்கொண்டே போனது.

அதோடு மிஸ்ஸின் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, “மட்டக்குளிக்கு ஒருக்கால் போவம் அண்ணை,” என்பார். இது ஆராய்ச்சியா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்ப என்ன? தெரியாது என்றார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சிக்கறியும் மத்தியான நித்திரையும் முக்கியம். இருந்தாலும் போனேன்.

தாய்தான் முதல் மாணவி. “சாப்பிட்டியா எண்டு கேக்காதேங்கோ அம்மா. சோறோ ரொட்டியோ எண்டு கேளுங்கோ,” என்று மிஸ் சொல்லிக்கொடுத்தார். தாய் கேட்டார். பையன் ‘ஆமாங்க’ என்றான். இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் சாப்பிட்டான். அடுத்த கிழமை மிஸ் வேண்டுமென்றே தேத்தண்ணியில் உப்பைப் போட்டு நீட்டினார். நல்லாயிருக்கோ? ஆமாங்க மிஸ். முகம் சுருங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தான். தாய் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மிஸ் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அவர் மனம் நொந்து நான் கண்டது அன்று மட்டுந்தான்.

புறப்படும்போது மட்டும் எப்போதும் அவனைக் கேட்பார். “நான் போகட்டோ?” அவன் “ஆமாங்க மிஸ்” என்பான். நாங்கள் எழும்பி வருவோம். மாதக்கணக்கில் இப்படித்தான். கேட்டு என்ன பயன் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

ஒரு பின்னேரம், எங்கோ குண்டு வெடித்ததென்று ஊர் முழுக்க ஒரே கெடுபிடி. சாவடிகளில் வரிசை நீண்டு போயிருக்கும், பொழுதுபடுவதற்கு முன் மிஸ் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவசரப்படுத்தினேன். மிஸ் எழும்பிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டார்.

“நான் போகட்டோ?”

பையன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தாயைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “வேணாங்க,” என்றான்.

தாய் பதறிப்போய் அவன் வாயைக் கையால் பொத்தினார். “டேய், மிஸ்ஸுக்கிட்ட அப்படிச் சொல்லாத. ஆமாங்கன்னு சொல்லு சாமி. அவன் தெரியாம சொல்லிட்டானுங்க மிஸ், மனசுல வெச்சுக்காதீங்க.” அடி விழப் போகிற திசையைப் பார்க்கிறவர் போல என்னைப் பார்த்தார்.

மிஸ் போய், தாயின் கையை மெதுவாக அவன் வாயிலிருந்து எடுத்துவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

“மிஸ், சாவடி,” என்றேன். “இருட்டப் போகுது.”

“செருப்பைக் கழட்டுங்கோ அண்ணை,” என்றார். “அவர் வேண்டாமெண்டு சொல்லியிட்டார்.”